தங்கச்சி பதில் சொன்னாள்

என் வயதுக்காரர்களே, உங்களில் பாதிப் பேர் தினமும் காலையில் எனக்கு ஃபோனில் ரோஜாப்பூ படம் அனுப்புகிறீர்கள். அதன் கீழே ஏதாவது ஆரோக்கிய யோசனை இருக்கும். வெறும் வயிற்றில் வெந்நீர் குடியுங்கள், பத்து நிமிஷம் இளவெயிலில் நில்லுங்கள், கண் விழித்ததும் உங்கள் உடம்புக்கு நன்றி சொல்லுங்கள். அனுப்புங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெந்நீரும் குடிக்கிறேன், வெயிலிலும் நிற்கிறேன். அந்த நன்றி விஷயத்தில் மட்டும் எனக்கு ஒரு பயம் உண்டு. நன்றி சொன்னால் சில சமயம் பதில் வரும். அதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன்.

சிரிக்காதீர்கள். எனக்கு மூளை கலங்கிவிடவில்லை. என்ன நடந்தது என்று சொல்கிறேன், கேட்டுவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஐம்பதுகளின் நடுவில் ஒரு கோடை. எங்கள் வீடு செங்கல்பட்டில், ரயில் சத்தம் கேட்கும் தூரத்தில். அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, டி.பி. என்கிற நெஞ்சு வியாதி வந்து நாலு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்திருந்தாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது. ஒரு வயதுகூட நிரம்பாத அவளுடைய ஆண் குழந்தை மதுராந்தகத்தில் மாமியார் வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தது. வைகாசிக் கடைசியில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்ப்பார்கள். படம் நன்றாக வந்தால் குழந்தையைத் தூக்கலாம், இல்லையென்றால் அதன் பக்கத்திலேயே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். படம் நன்றாக வராவிட்டால் மகனுக்கு வேறு பெண் பார்ப்பதாக மாமியார் வீட்டில் பேச்சு அடிபட்டது. இது சின்னம்மாவுக்கும் தெரியும்.

கடல் காற்று நெஞ்சுக்கு நல்லது என்று யாரோ சொல்ல, மாமா மகாபலிபுரத்துக்கு வடக்கே ஒரு வீடு பிடித்தார். மாமா என்றால் அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் அண்ணன். குப்பத்திலிருந்து ஒரு பெண்ணைச் சமையலுக்கு வைத்தார். லீவுதானே, துணைக்கு இருக்கட்டும் என்று என்னையும் பஸ் ஏற்றிவிட்டார்கள். தொற்றும் வியாதிக்காரியோடு ஒன்பது வயதுப் பிள்ளையை அனுப்பியிருக்கிறார்கள், பாருங்கள். தனி டம்ளர் வைத்தால் போதும் என்று நினைத்தார்கள். நான் இன்னும் உயிரோடு இருப்பது அவர்களுடைய கெட்டிக்காரத்தனத்தால் அல்ல.

அது இரண்டு அறை ஓட்டு வீடு. சுற்றிலும் சவுக்குத் தோப்பு. கடல் கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும் வரும். காற்றே இல்லாத நாளில்கூட அந்த மரங்கள் முனகிக்கொண்டே இருக்கும். சுவரெல்லாம் உப்புப் பூத்து, கை வைத்தால் மாவாக ஒட்டும். ராத்திரி கொடியில் போட்ட என் பாவாடை காலையில் எடுக்கும்போது முன்னைவிட ஈரமாக இருக்கும்.

ஆஸ்பத்திரி நர்ஸ் அம்மா ஒரு தாளில் செய்ய வேண்டியதையெல்லாம் எழுதிக் கொடுத்திருந்தார். சின்னம்மா அதைக் கஞ்சிப் பசை தடவிச் சுவரில் ஒட்டினாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி அதன்படி நடந்தாள். எழுந்ததும் உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பாள். சூரியன் கிளம்பும்போது முதுகைக் காட்டி உட்கார்ந்து தலைமுடியை விரித்துப் போடுவாள். நீலப் பீங்கான் குவளையில் ஆட்டுப்பால், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பச்சை முட்டை. மூடி போட்ட தகர டப்பாவில்தான் துப்புவாள், அதைச் சமையல்காரி தினமும் தூரக் கொண்டுபோய்க் கொளுத்துவாள். அந்த நீலக் குவளை என்ன ஆயிற்றோ தெரியாது, அந்த நிறத்தில் ஒன்று வாங்க நான் இன்றுவரை கடை கடையாகப் பார்க்கிறேன். நடைக்குக் கணக்கு, மரம். முதல் நாள் நாலு சவுக்கு மரம் தாண்டித் திரும்பினாள். ஒரு மாதத்தில் முப்பது மரம் நடந்தாள்.

மத்தியானம்தான் எனக்குப் பிடிக்காது. சாப்பிட்டதும் மூன்று மணி வரை அவள் பேசாமல், புரளாமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். கண் மட்டும் திறந்திருக்கும். இரண்டு கையும் நெஞ்சின் மேல். வெளியே மணலில் பட்ட வெயில் ஓட்டுக்கடியில் அலை அலையாக ஆடும். சமையல்காரி தாழ்வாரத்தில் தூங்குவாள். நான் கதவோரம் நின்று சின்னம்மாவின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். சில சமயம் வெகுநேரம் ஏறவே ஏறாது. நான் கூப்பிட வாயைத் திறப்பேன், அப்போது பார்த்து ஏறும்.

போய் இரண்டு வாரம் இருக்கும். ஒருநாள் விடிகிற நேரத்தில் விழிப்பு வந்தது. சமையல்காரி தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். பக்கத்து அறையில் சின்னம்மா யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள்.

“பெரியவரே, சின்னவரே, நேத்து பதினெட்டு மரம் நடந்தீங்க. ரொம்ப உபகாரம்.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பெரியவர் ஏதோ சொல்வதைக் கேட்பதுபோல.

“ரெட்டைப் புள்ளைங்களா, ராத்திரி நல்லா தூங்குனீங்க, சந்தோசம். பானைக்காரம்மா, முட்டைய வெளிய தள்ளாம வச்சிகினியே, நீ மவராசி. அக்கா, நீதான் எல்லாத்தயும் இழுத்துகினு போறே. உன்னாலதான் நான் கீறேன்.”

நான் விரல் விட்டு எண்ணினேன். ஆறு பேர். அந்த அறையில் ஒரு பாய், ஒரு டிரங்குப் பெட்டி, சின்னம்மா. வேறு ஒருவருக்கும் உட்கார இடம் கிடையாது.

அப்புறம் அவள் குரல் தாழ்ந்தது.

“தங்கச்சி. உனக்கு மட்டும் எம்மேல இன்னா கோவம்? உன்னையுந்தான கும்புடறேன்? வைகாசி வரைக்கும் எங்கூட இரும்மா. புள்ளைய ஒரு தபா தூக்கிக்கிறேன். அதுக்கப்பால உன் இஷ்டம்.”

அதற்குப் பதில் வந்தது.

மெல்லிய, நீளமான குரல். வார்த்தை எதுவும் இல்லை. வாயை மூடிக்கொண்டு ஒரு சின்னப் பெண் அழுதால் வருமே, அந்த மாதிரி. நான் எழுந்துபோய்க் கதவு இடுக்கில் கண்ணை வைத்தேன். சின்னம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தின் ஒரு பக்கம் எனக்குத் தெரிந்தது. உதடு இரண்டும் மூடியிருந்தது. அந்தக் குரல் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

நான் பாயில் வந்து விழுந்து போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். சித்திரை வெக்கையில் எனக்குப் பல் கிட்டியது.

அதன் பிறகு தினமும் விடியலில் விழிப்பு வந்துவிடும். வேண்டாம் என்று நினைத்தாலும் காது அந்தப் பக்கமே போகும். மற்றவர்கள் யாரும் வாயைத் திறந்ததில்லை. தங்கச்சி மட்டும்தான் பதில் சொல்வாள். சில நாள் பதில் சின்னதாக இருக்கும், சில நாள் நீண்டுகொண்டே போகும். சின்னம்மாவுக்குத் தங்கை கிடையாது என்பது எனக்குத் தெரியும். வீட்டில் அவள்தான் கடைசி.

ஒரு சாயங்காலம் கரையோரம் நடந்துகொண்டிருந்தோம். சின்னம்மா சட்டென்று நின்றாள்.

“இரு பாப்பா. அவ களைச்சிட்டா.”

“யாரு சின்னம்மா?”

என்னவோ தெரியாமல் வாய்விட்டுச் சொல்லிவிட்ட மாதிரி அவள் முகம் சிவந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். ஈர மணலில் அவள் காலடி ஒரு வரிசை, என் காலடி ஒரு வரிசை. அவ்வளவுதான். மூன்றாவதாக ஒரு வரிசை இருந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

அன்றைக்கே சமையல்காரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

“நெசமாவா? பதிலு சொல்லுதா?”

“ஆமாக்கா. அழுவுற மாதிரி.”

“அடியாத்தாடி! வாயத் தொறக்காமயே அயுவுதா? நீ அந்தக் கதவாண்ட போவாதே கண்ணு. உங்க மாமா வரட்டும்.”

மாமா ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடையில் முட்டையும் ஆட்டெலும்பும் எடுத்துக்கொண்டு வருவார். சமையல்காரி சொன்னதைக் கேட்டுச் சிரித்தார். “ஜொரத்துல உளறுவா, அதுக்கு இன்னா இப்ப?” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “இன்னான்னு கூப்புடறா?” என்று கேட்டார்.

“தங்கச்சின்னு” என்றேன்.

மாமா கூடையைக் கீழே வைத்தார். வைத்த வேகத்தில் இரண்டு முட்டை உடைந்தது, அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. சின்னம்மாவுக்கு அப்புறம் இன்னொரு பெண் பிறந்திருக்கிறது. மூன்று வயதில் இருமி இருமியே போய்விட்டது. துணியில் சுற்றி ஏரிக்கரைக்குத் தூக்கிக்கொண்டு போனவர் மாமாதான், அப்போது அவருக்குப் பதினாலு வயதாம். எங்கள் வீட்டில் அந்தக் குழந்தையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. மாமா அதைச் சொல்லி முடித்தபோது சமையல்காரி மெதுவாகச் சொன்னாள்.

“அக்காவ இட்டுகினு போவ வந்துகீது, சாமி.”

மாமாவை முட்டாள் என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் மனசு வரவில்லை. ஒரு தங்கையைத் தன் கையாலேயே குழியில் இறக்கியவர். இன்னொருத்தியையும் விட்டுவிடக் கூடாது என்று நினைத்தார். சின்னம்மாவைக் கூப்பிட்டு, யாரம்மா அந்தத் தங்கச்சி என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் அவளுக்குள்ளே இருப்பது உஷாராகிவிடும் என்று சமையல்காரி சொன்னாள். அதனால் யாரும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு மாமா ஒரு பூசாரியைக் கூட்டி வந்தார். உச்சிப்பொழுதில், சின்னம்மா மல்லாந்து படுத்திருக்கும் நேரமாகப் பார்த்து உள்ளே போனார்கள். ஜன்னலைச் சாக்கால் அடைத்தார்கள். மண்சட்டியில் நெருப்பு எடுத்துப்போய், வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் கைகையாக அள்ளிப் போட்டார்கள். நெஞ்சு வியாதிக்காரியின் அறையில் மிளகாய்ப் புகை! பேய்க்குத்தான் புகை, பெண்ணுக்கு இல்லை என்று அவர்கள் நினைப்பு. என்னை வெளியே நிறுத்தி, வெளித் தாழ்ப்பாளைப் போடச் சொல்லி, “யாரு சொன்னாலும் கதவத் தொறக்காதே” என்றார் மாமா. நான் கதவில் முதுகைச் சாய்த்து நின்றேன். உள்ளே நடந்ததெல்லாம் எனக்குக் கேட்டது.

“நீ யாரு? போறியா, இல்லியா?” என்றது பூசாரியின் குரல்.

“போயிடும்மா தங்கச்சி. அண்ணன் சொல்றேன். இவளயாச்சும் எங்களுக்கு வுட்டுடும்மா.” மாமா அழுதுகொண்டிருந்தார்.

“வேணாண்ணா!” சின்னம்மா இருமலுக்கு நடுவே கத்தினாள். “அவள தொரத்தாதீங்க! அவ போனா நான் செத்துடுவேன்!”

“பாத்தியா, அது பேசுது” என்றார் பூசாரி. இன்னும் மிளகாய் விழுந்து பொரிகிற சத்தம் வந்தது.

அப்புறம் கதவை உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள். கீழே, என் இடுப்பு உயரத்தில். “பாப்பா, கதவத் தொற. பாப்பா.” கம்மிய, மெல்லிய குரல். அது தங்கச்சியின் குரல் என்று நினைத்து நான் திறக்கவில்லை. அப்படி நினைத்தேன் என்றுதான் இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

முந்தின நாள் ஊசி போட வரவேண்டிய கம்பவுண்டர் சைக்கிள் பஞ்சராகி அன்றைக்கு வந்து சேர்ந்தார். என்னை ஒரு கையால் இழுத்துத் தள்ளிவிட்டுத் தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்தார். சின்னம்மா வாசற்படியிலேயே குப்புறக் கிடந்தாள். வாயிலிருந்து வந்த ரத்தம் என் கால்வரைக்கும் வந்தது. கம்பவுண்டர் மாமாவைப் பார்த்து, “நீங்க படிச்சவருதான சார்?” என்று மட்டும் கேட்டார். மாமா வாயில் துண்டை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு அவர் அதிகம் பேசி நான் பார்த்ததில்லை.

சின்னம்மா சாகவில்லை. லாரி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வைகாசிப் படம் எடுக்கவே இல்லை. இடது நுரையீரல் கெட்டுவிட்டது, அதை ஓய்வில் போட வேண்டும் என்று ஊசி வழியாகக் காற்றை ஏற்றி அந்தப் பக்கத்தை மடக்கி வைத்தார்கள். அப்போது அதுதான் வைத்தியம்.

ஆஸ்பத்திரியில் பிள்ளைகளை உள்ளே விட மாட்டார்கள். ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று பார்த்தேன். சின்னம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான்தான் சொன்னேன், நான்தான் கதவைத் திறக்கவில்லை என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

“தெரியும்” என்றாள்.

“யாரு சின்னம்மா அவங்கல்லாம்?”

அவள் வெட்கப்பட்டாள். நர்ஸ் அம்மா தாளில் எழுதாமல் காதோடு சொன்ன ஒன்று இருந்ததாம். உடம்பைத் திட்டிக்கொண்டே இருக்காதே, காலையில் எழுந்ததும் ஒவ்வொரு உறுப்புக்கும் பேர் சொல்லி நன்றி சொல், அது உனக்காகப் பாடுபடும் என்றாராம். பெரியவர் வலது கால், சின்னவர் இடது கால். ரெட்டைப் பிள்ளைகள் கண் இரண்டும். பானைக்காரம்மா வயிறு. நெஞ்சில் வலப்பக்கம் அக்கா, இடப்பக்கம் தங்கச்சி. செத்துப்போன குழந்தையின் நினைவில்தான் அந்தப் பேரை வைத்தாளா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் எனக்கு எப்போதும் வந்ததில்லை.

பிறகு அவள் கம்பிப் பக்கமாக முகத்தைத் திருப்பினாள்.

“சமையல்காரியாண்ட இன்னாமோ சொன்னியாமே. தங்கச்சி பதில் சொல்றத கேட்டேன்னு.”

“ஆமா.”

“எனக்கு ஒரு நாளும் கேக்கல பாப்பா. நான்தான் பேசிகினே இருந்தேன். உனக்கு நெசமா கேட்டுதா?” கண் இரண்டும் பெரிதாகிவிட்டது. “இன்னா சொன்னா?”

என் பேரன் டாக்டர். நோய்ப்பட்ட நுரையீரலில் காற்று போகும்போது அப்படி விசில் மாதிரி ஒரு சத்தம் வரும் பாட்டி, வேறொன்றுமில்லை என்கிறான். சரியப்பா, அப்படியென்றால் பதில் சொன்னது அந்த நுரையீரல்தானே என்றேன்.

அந்த ஜன்னலில் நிற்கும்போது எனக்கு இதெல்லாம் தெரியாது. அந்தக் குரல் அழுததுதான் தெரியும். களைத்துப்போய், என்னை விட்டுவிடு என்று கெஞ்சுகிற அழுகை. அதை எப்படிச் சொல்வது? “இங்கதான் கீறேன்னு சொன்னா சின்னம்மா” என்றேன்.

சின்னம்மா கையை இடது விலாவில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். “மவராசி” என்றாள்.

மறு வருஷம் குழந்தையைத் தூக்கினாள். அது அவளைப் பார்த்துப் பயந்து அலறியது, அவள் விடவில்லை. மாமியார் பார்த்துக்கொண்டு நின்றார், வேறு பெண் பேச்சு அதோடு நின்றுபோயிற்று. இடது பக்கம் மட்டும் சுருங்கியது சுருங்கியதுதான், இனி அது எதற்கும் ஆகாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். சின்னம்மா ஒப்புக்கொள்ளவில்லை. உப்புத் தண்ணீர், வெயில், நடை எதையும் விடவில்லை. விடியலில் தங்கச்சிக்கு நன்றி சொல்லாமல் பாயை விட்டு எழுந்ததும் இல்லை. நான் எப்போது போனாலும் முதல் வேலை, “உனக்குத்தான் கேக்கும், வா” என்று என்னை உட்கார வைத்து இடது விலாவில் காதை வைக்கச் சொல்வாள். வைப்பேன். பாழுங்கிணற்றில் காது வைத்த மாதிரி ஒரு சத்தமும் இருக்காது. “இன்னா சொல்றா?” என்பாள். “சௌக்கியமா கீறாளாம்” என்பேன். என் கல்யாணத்துக்கு அப்புறமும், எனக்குப் பேரன் பிறந்த பிறகும் இதே பொய்தான். ஒவ்வொரு தடவையும் அந்தக் கதவில் முதுகைச் சாய்த்து நிற்கிற மாதிரியே இருக்கும்.

கடைசியாகப் போனபோது அவளுக்கு எழுபதுக்கு மேல் ஆகியிருந்தது. படுக்கையோடு இருந்தாள். வெளியே நல்ல வெயில். வழக்கம்போலக் குனிந்து காதை வைத்தேன்.

பதில் வந்தது.

இத்தனை வருஷம் மூச்சே போகாத பக்கத்திலிருந்து, அதே மெல்லிய, நீளமான குரல். காதை எடுக்கலாம் என்றால் தலை எழும்பவில்லை. வார்த்தை ஏதாவது இருக்கிறதா என்று கூர்ந்து கேட்டேன். இல்லை. சின்னப் பிள்ளைகள் தனியாக விளையாடும்போது தங்களுக்குள்ளே ஏதோ ராகம் இழுத்துக்கொண்டிருக்குமே, அப்படி இருந்தது.

“இன்னா சொல்றா?” என்றாள் சின்னம்மா.

முதல் தடவையாக நான் உண்மையைச் சொன்னேன்.

“ஒண்ணும் புரியல சின்னம்மா. ஆனா இப்ப அழுவல.”

அவள் என் தலையைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, “போதும், எழுந்திரு. இந்த வயசுல எவ்ளோ நேரம் குனிஞ்சிகினு இருப்பே, கழுத்து புடிச்சிக்கும்” என்றாள்.